ஏழாவது சுற்றாளியின் இடம்

மாதுங்காவில் வீடு கிடைக்காதவர்கள் வடாலாவில் தேடுவார்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால் சுனாபட்டி. எங்கேயும் கிடைக்காமல், தொடர்ந்து தேடவும் சாமர்த்தியம் இல்லாதவர்கள் கல்யாணில் போய் விழுவார்கள். நான் அப்படி விழுந்தவன். பெயர் வேங்கடசுப்ரமணியன். ஆபீஸ் ரயில் போய் முடியும் மறுகோடியில், போரிபந்தரில்.

கல்யாண்வாசத்தில் ஒரே ஒரு லாபம் உண்டு. லோக்கல் ரயில் அங்கிருந்துதான் புறப்படும். காலி வண்டியில் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்திலும் எதிரிலும் கைக்குட்டை விரித்து இரண்டு பேருக்கு இடம் போடலாம். என் ஜன்மத்தில் நான் ஒழுங்காகச் செய்த உத்தியோகம் அதுதான். மற்றதைப் பற்றி என் மேனேஜரைக் கேட்டால் அவர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். இதையும் வேறு மாதிரிச் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லை, அவர் செகண்ட் கிளாஸில் போகிறவர், நான் தேர்டு கிளாஸ்.

எதிர் ஜன்னல், சயானில் ஏறும் ஷேக் பரீதுக்கு. என் பக்கத்து இடம், அதற்கடுத்த மாதுங்காவில் ஏறும் அனந்தகிருஷ்ணனுக்கு. சயான் வருவதற்குள் டோம்பிவிலி, தானா, குர்லா என்று ஜனங்கள் ஏறி ஏறி, என் முழங்கால்மேல் யாருடைய முழங்கால் என்று தெரியாத நிலைமை வந்துவிடும். ஒவ்வொருவரும் கைக்குட்டையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். எனக்கு வந்த ஹிந்தி மூன்று வார்த்தை. "ஆத்மி ஆத்தா ஹை." ஆள் வருகிறது. எந்த ஆள், எப்போது, எங்கே என்று அவர்கள் கேட்பதெல்லாம் எனக்குப் புரியாது. மறுபடியும் "ஆத்மி ஆத்தா ஹை" என்பேன். மராத்தியில் திட்டுவார்கள். குஜராத்தியில் திட்டுவார்கள். எதுவும் புரியாததால் என் மானம் பத்திரமாக இருந்தது.

சயானில் பரீத் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவான். உட்காருமுன் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து என் கையில் வைத்து, "நம்ம சாமிக்கு இன்னிக்கு எத்தனை பாஷையில ஏச்சு?" என்று கேட்பான்.

பரீத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். தாராவியில் வீடு. மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தோல் வியாபாரியிடம் குமாஸ்தா. கிடங்கு வாசனை போகவேண்டும் என்று அத்தரைத் தாராளமாகப் பூசிக்கொள்வான். அந்த அத்தர் எதிரில் இருக்கும் எங்களுக்கும் ஏறிவிடும். அனந்தகிருஷ்ணன் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இதைப்பற்றிப் பலவிதமான அபிப்பிராயங்கள் இருந்தன. அவன் பாலக்காட்டு வைதிகக் குடும்பம். வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காதவன். அத்தர் வாசனையோடு போய் உட்கார்ந்து, நெற்றியில் விபூதியோடு பாலிசி எழுதுவான்.

இந்த அனந்தகிருஷ்ணன்தான் சுற்றாளிகளைக் கண்டுபிடித்தான்.

யுத்தம் முடிந்த வருஷத்து மழைக்காலம். தாதர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. தண்டவாளம் தண்ணீருக்குள் போயிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மழைக்குள் பரேல் மில் புகைபோக்கிகள் மட்டும்.

"ஐயரே, சும்மா இருக்கதுக்கு ஒரு கதை சொல்லுமே" என்றான் பரீத்.

அனந்தகிருஷ்ணன் புகைபோக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு மலையாக்கும்" என்று ஆரம்பித்தான்.

சாதாரண மலை இல்லை. மலை முழுக்க வெண்கலப் பாறை. ஓணான் ஓடினால்கூட மணி அடித்த மாதிரி ஒலிக்கும். அதில் சுற்றாளி என்று ஒரு மிருகம். கன்றுக்குட்டி உயரம், சாம்பல் நிறம், பிடரியில் மட்டும் துருவின் சிவப்பு. முன்னங்கால்கள் குட்டை, பின்னங்கால்கள் நீளம். மேட்டில் ஏறினால் காற்று மாதிரி ஏறும். சரிவில் இறங்கினால் தலைகுப்புற உருளும். ஆகையால் கீழிருந்து மேலேதான் வேட்டை. ஏழு சுற்றாளிகள் மலையடிவாரத்தில் வளையம் கட்டும். ஒவ்வொன்றின் காலடிக்கும் பாறையில் ஒரு தனி சுரம். மூடுபனியில் ஒன்றையொன்று பார்க்க முடியாவிட்டாலும் ஏழு சுரமும் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டே ஏறும். நடுவில் அகப்பட்ட ஆடு மேலே மேலே ஓடும். உச்சிக்கு மேலே ஓடுவதற்கு மலை இல்லை.

வண்டி நகர்ந்தபோது எங்களில் பாதிப்பேர் ஏமாற்றத்துடன் "சே" என்றோம். மறுநாள் கதை தொடர்ந்தது. அதற்கு மறுநாளும். ரயில் சிநேகிதர் ஒருவர், வானமாமலை என்று பெயர், பாங்க் குமாஸ்தா, தலைக்குமேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்பார். சௌகரியமாக வேறு பெட்டியில் உட்கார்ந்து போகக்கூடியவர். கதைக்காகத் தொங்கினார்.

கொஞ்ச நாளில் பரீத் ஒரு விஷயத்தைக் கவனித்தான்.

"என்னவே இது? ஆட்டை உச்சிவரைக்கும் விரட்டிக்கிட்டுப் போவுது. சுத்தி நிக்குது. பொழுது அடையுது. அடுத்த நாளு இன்னொரு ஆட்டை விரட்டுது. திங்கவே மாட்டேங்குதே? உம்ம மிருகத்துக்கு வாரம் பூரா ஏகாதசியா?"

அனந்தகிருஷ்ணன் முகம் சிவந்துவிட்டது. "தின்னுடுத்துன்னு வெச்சுக்கோயேன். அதையெல்லாம் விஸ்தாரமா சொல்லணுமோ?"

"வெச்சுக்கிட முடியாதுவே. நாயா ஓடுத மிருகத்துக்கு ஒரு நியாயம் வேண்டாமா?"

"எனக்கு வராதுடா பரீதே. வயத்தைப் பெரட்டும்."

அன்றிலிருந்து வேலை பிரிந்தது. மாதுங்காவிலிருந்து பைகுல்லா வரை துரத்தல், அனந்தகிருஷ்ணன். பைகுல்லாவிலிருந்து மஸ்ஜித் வரை முடிவு, பரீத். பரீத் ரத்தம் சிந்தவிட மாட்டான். "பெரிய சுற்றாளி முன்னால வந்து அது முகத்துல லேசா மூச்சு விடும். அம்புட்டுதான். ஆட்டுக்கு உறக்கம் வந்த மாதிரி இருக்கும்." பிறகு பந்தி. வயதானதுக்கு முதலில், குட்டி போட்டதுக்கு அடுத்து, நன்றாக ஓடினதுக்குக் கடைசியில். "ஓடுதவன் இன்னொன்னைப் புடிச்சித் திங்கட்டும்" என்பான். அனந்தகிருஷ்ணன் அப்போது ஜன்னலுக்கு வெளியே பைகுல்லா மார்க்கெட்டை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். காது மட்டும் உள்ளே இருக்கும்.

ஒரு நாள் சுற்றாளி ஒன்றுக்குக் காலில் அடிபட்டு அது குகையிலேயே தங்கிவிட்டது. "மத்த ஆறும் கொஞ்சம் நெருங்கி நின்னுண்டு வளையத்தை அடைச்சுது" என்றான் அனந்தகிருஷ்ணன்.

"அடைக்காது" என்றான் பரீத்.

"பின்னே? ஆடு ஓட்டை வழியா ஓடிடாதோ?"

"ஓடுனா ஓடட்டும். அந்தா பாரும்." என் கையிலிருந்த கைக்குட்டையைக் காட்டினான். "இந்தக் கல்யாண் சாமி ஊரு பூரா ஏச்சு வாங்கிக்கிட்டு நமக்கு எடம் போட்டு வச்சிருக்காரு. இவருக்கு இருக்க புத்தி அதுகளுக்கு இருக்காதா? ஆளு வாரவரைக்கும் அந்த எடம் சும்மாதான் கெடக்கும்."

பெட்டியே தலையாட்டியது. அப்படியாக அது சுற்றாளிகளின் சட்டமாகிவிட்டது. கற்பனை உலகத்துக்கு என் பங்கு இவ்வளவுதான்: ஒரு மாமிசபட்சிணிக்கு நான் முன்மாதிரி. வீட்டில் சொன்னேன். "சாப்பிட வாங்கோ" என்றாள் என் மனைவி.

ஊர் கெட்டுப்போக ஆரம்பித்தது அதற்குப் பிறகு. தெருக்களில் கலவரம், ஊரடங்கு, மறுபடி கலவரம். அந்த நாட்களில் சயானில் ஏறும்போதே பரீத் தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்திருப்பான். நாங்கள் அதைப் பார்க்காத மாதிரி மலையைப் பற்றிப் பேசுவோம்.

சுதந்திரம் வந்தது. பெட்டியில் லட்டு கொடுத்தார்கள். பரீத்தும் வாங்கித் தின்றான். அதற்குச் சில வாரம் கழித்து, பரேல் தாண்டும்போது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னான்:

"மொதலாளி கராச்சிக்குப் போறாக. கிடங்கையெல்லாம் அங்க மாத்துதாக. என்னையும் கூப்பிடுதாக. நஸீராவோட அண்ணன் போயே போயாச்சு."

நஸீரா அவன் மனைவி. 

வானமாமலைதான் கேட்டார். "நீரு என்ன சொன்னீரு?"

பரீத் வெற்றிலையை மடித்தான். அனந்தகிருஷ்ணனைப் பார்த்தான். "ஒத்தைக்கொம்பனைப் பாதி மலைக்கு ஏத்தியாச்சு. இந்த வேட்டை முடியட்டும். முடிஞ்ச அன்னிக்குச் சொல்லுதேன், போவுதனா இருக்கனான்னு."

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பதற்கு அதில் எதுவும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒற்றைக்கொம்பன் என்பது கிழட்டு மலையாடு. ஒரு கொம்பு உடைந்தது. பல வேட்டைகளில் தப்பித்தது. அன்றைய நிலவரப்படி அந்த வாரமே உச்சிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாள் அனந்தகிருஷ்ணன் உச்சிக்குப் பின்னால் இன்னொரு உச்சியை வைத்தான். அதில் ஏறினால் அதற்குப் பின்னால் ஒன்று. வெண்கலப் பாறை முடிந்து செம்புப் பாறை வந்தது. செம்பு முடிந்து ஏதோ பேர் தெரியாத உலோகம். மலை தினம் தினம் வளர்ந்தது. ஒற்றைக்கொம்பன் ஏறிக்கொண்டே இருந்தது. சுற்றாளிகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"இது மலையா, ரயில் ரோடா?" என்றார் வானமாமலை. "போய்க்கிட்டே இருக்கே."

"பெரிய மலை ஓய்."

"ஆடு கிழட்டு ஆடுன்னீரே!"

"கெட்டிக்கார கிழடு."

பைகுல்லா வந்ததும் பரீத் அனந்தகிருஷ்ணன் முகத்தைப் பார்ப்பான். அனந்தகிருஷ்ணன் மார்க்கெட்டைப் பார்ப்பான். மஸ்ஜித் வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் திரும்பும் வண்டியில் நானும் அனந்தகிருஷ்ணனும்தான். நான் கேட்டேன்.

"நேரா சொல்லிடேன் அனந்து. போகாதேடான்னு ஒரு வார்த்தை."

"எப்படிடா சொல்வேன்?" என்றான். "அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, குழந்தைகள் இருக்கு. நான் இருன்னு சொல்லி அவன் இருந்து, நாளைக்குத் தாராவியில ஒண்ணு ஆயிடுத்துன்னா? நான் மாதுங்காவுல கதவைச் சாத்திண்டு உள்ள இருப்பேன். அவன் இருக்க முடியுமோ? போன்னு சொல்லலாம்னா, அதுக்கும் வாய் வரமாட்டேங்கறது." பிறகு, "மலையை வளர்க்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரியறது" என்றான்.

இதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குர்லா வந்தபிறகு எனக்கு நல்ல நல்ல பதில்களெல்லாம் தோன்றின. அவன் மாதுங்காவிலேயே இறங்கிவிட்டிருந்தான்.

அடுத்த வாரம் கதையில் ஒரு மாற்றம். ஏழாவது சுற்றாளி ஓடிக்கொண்டிருக்கும்போது, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து ஏதோ ஒலி கேட்டு நின்றது.

"நின்னுது," என்றான் அனந்தகிருஷ்ணன், பரீத்தைப் பார்க்காமல். "போகணும்னு தோணித்து. ஆனா எப்படிப் போறது? நடுவுல பள்ளத்தாக்கு. சுற்றாளிக்கு எறங்க வராதே. எறங்கினா உருண்டுடும்."

"அப்ப உருண்டுதான் போவணும்" என்றான் பரீத்.

"உருண்டா அடிபடும்."

"படும். சாவாது."

"அந்தப் பக்கத்து மலைக்கு இதோட காலடி தெரியுமோ? இங்கேன்னா பாறைக்கெல்லாம் இதோட சுரம் பழக்கம்."

"மொதல்ல தெரியாதுதான். நடந்து நடந்து பழக்கணும்." பரீத் மடியில் இருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டான். "இங்க மட்டும் என்னவாம்? கொஞ்ச நாளா இந்தப் பாறையிலயும் காலை வச்சா சுரம் மாறித்தான கேக்கு."

அனந்தகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"மத்த ஆறும் என்ன செய்யுது?" என்று பரீத் கேட்டான். "அதைச் சொல்லும் ஐயரே. ஏழாவது நிக்குது. மத்ததுக்குக் காது இருக்குல்லா? சுரம் நின்னது கேக்கும்லா? என்ன சொல்லுது அதுக?"

"மிருகம் என்ன சொல்லும்?" என்றான் அனந்தகிருஷ்ணன்.

"யோவ்," என்றார் வானமாமலை மேலிருந்து, "எது எங்க வேணாலும் போவட்டும்யா. மொதல்ல அந்த ஆட்டை அடிச்சித் தின்னுங்க. எனக்கே பசிக்கி."

எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன். இக்கட்டான சமயத்தில் உரக்கச் சிரிப்பது என் வழக்கம். இரண்டு துக்க வீடுகளில் இதற்காகவே எனக்குக் கெட்ட பெயர்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், ஒற்றைக்கொம்பன் நிஜமாகவே கடைசி உச்சியில் நின்றது. அதற்கு மேல் வைக்க அனந்தகிருஷ்ணனிடம் மலை இல்லை. ஏழு பக்கமும் ஏழு சுற்றாளிகள். பைகுல்லா வந்துவிட்டது. பரீத் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். அனந்தகிருஷ்ணனுக்கு வேர்த்தது.

"அப்போ," என்றான், "பெரிசா ஒரு மூடுபனி எறங்கித்து. முன்னங்கால் பின்னங்காலுக்குத் தெரியல. சரி, விடியட்டும்னு எல்லாம் நின்னுது."

வானமாமலை தலையில் அடித்துக்கொண்டார். பரீத் அப்படியே குனிந்தபடி இருந்தான். பிறகு நிமிர்ந்து, சிரித்தான். கோபமான சிரிப்பு இல்லை.

"நல்ல பனிதான்" என்றான்.

மஸ்ஜித் வந்தது. எழுந்தான். "வாரேன் ஐயரே. வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தோடு இறங்கிப்போனான். வண்டி கிளம்பினபிறகுதான் கவனித்தேன். கைக்குட்டையை அன்று அவன் மடித்துத் தரவில்லை. பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறதி என்று நினைத்தேன். சட்டையில் பித்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவன் நான். மற்றவர்களை மறதி என்று சுலபமாகச் சொல்லிவிடுவேன்.

மறுநாள் சயானில் அவன் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜுரமாக இருக்கும் என்றோம். ஒற்றைக்கொம்பன் பனியில் நின்றது. "பரீத் வரட்டும்" என்றான் அனந்தகிருஷ்ணன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தாராவிக்குப் போனோம். சந்தில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் கட்டித் தயாராக இருந்த பெட்டி ஒன்றும் படுக்கைச் சுருள் ஒன்றும். கதவில் பாதித் திரை. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்.

"யாரு?"

"ரயில்ல வரவா" என்றேன். இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குரலுக்கு அது போதுமானதாக இருந்தது. "கல்யாண் சாமியா? கூட ஐயரும் வந்திருக்காகளா? உக்காருங்க. அந்தத் திண்டைத் தட்டிப் போட்டு உக்காருங்க. அவுக வெள்ளிக்கிழமை தொழுதுட்டுக் கப்பலேறிட்டாகளே, உங்ககிட்ட சொல்லலையா?"

எங்களுக்கு உட்காரத் தோன்றவில்லை.

"அங்க வீடு பாத்துட்டு எங்களைக் கூப்பிடுதேன்னாக. நாங்க அடுத்த மாசம்." நஸீரா உள்ளே யாரிடமோ தேயிலை போடச் சொன்னாள். பிறகு, "ஒரு ஆட்டை அடிக்க உங்க மிருகத்துக்கு இம்புட்டு மாசமா?" என்றாள். கேலி மாதிரித்தான் கேட்டாள்.

அனந்தகிருஷ்ணன் வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெனமும் சாயங்காலம் வந்ததும் கேப்பேன், இன்னிக்கு ஐயரு என்ன சொன்னாகன்னு. இன்னிக்கு மலை வளந்துட்டும்பாக. இன்னிக்குப் பாறை மாறிட்டும்பாக. கடைசியில ஒரு நாளு, பனின்னு சொன்னாக. அதோட மொதலாளிகிட்ட சரின்னு சொல்லிட்டாக." திரை கொஞ்சம் அசைந்தது. "எனக்கு அண்ணன் அங்க இருக்கான். அவுகளுக்கு அங்க யாரு? ஐயரு ஒரு வார்த்தை, இருடான்னு சொல்லிட்டா இருந்திரலாம்னு அவுகளுக்கு நெனப்பு. ஏன், எனக்குந்தான்."

"நான்…" என்றான் அனந்தகிருஷ்ணன். "ஏதாவது ஆயிடுமோன்னு…"

"தெரியும். அவுகளும் அதான் சொன்னாக. ஐயரு பயப்படுதாரு, நமக்காகத்தான் பயப்படுதாருன்னு. தப்பா நெனக்கல. நெனச்சா தேயிலை தருவனா?"

திரைக்கு அடியிலிருந்து வளையல் போட்ட கை இரண்டு கண்ணாடித் தம்ளர்களை நகர்த்தியது. வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காத அனந்தகிருஷ்ணன் ஒன்றை எடுத்து, கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்தான். நாக்கு வெந்திருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் பேசாததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

அதற்கப்புறமும் நான் கல்யாணில் இரண்டு இடம் போட்டேன். பழக்கம். பரீத் கொண்டுபோன கைக்குட்டைக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கி விரித்தேன். "ஆத்மி ஆத்தா ஹை" என்றேன். சயான் வரும், போகும். மாதுங்காவில் ஏறும் அனந்தகிருஷ்ணன் எதிர் ஜன்னலில் கைக்குட்டை மட்டும் இருப்பதைப் பார்ப்பான். என் பக்கத்தில் வந்து உட்காருவான். போரிபந்தர் வரை கைக்குட்டையே உட்கார்ந்து வரும். நின்றுகொண்டு வந்தவர்களின் வசவில் இப்போது நியாயம் இருந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை.

வானமாமலை விடவில்லை. "ஆறு இருக்குல்லா? ஆறை வச்சு முடியும்."

அனந்தகிருஷ்ணன் ஒரு நாள் முயற்சி செய்தான். பனி விலகியது. ஆறு சுரம் ஒலித்தது. ஏழாவது இடத்தை யாரும் அடைக்கவில்லை, சட்டம் சட்டம்தான். அந்தத் திறந்த வழியை ஒற்றைக்கொம்பன் பார்த்தது. போகவில்லை. ஆறும் அதைப் பார்த்தன. பைகுல்லா வந்தது.

"அப்புறம்?" என்றார் வானமாமலை.

"அப்புறம் பரீத் சொல்லணும்" என்றான் அனந்தகிருஷ்ணன்.

"நான் சொல்லட்டா?" என்று வானமாமலை கம்பியை விட்டுவிட்டுக் கையை ஆட்டிக் கொன்று பார்த்தார். பெரிய சுற்றாளி பாய்ந்தது, கிழித்தது, கல்யாண வீட்டில் இலை போட்ட மாதிரி எல்லாம் உட்கார்ந்து தின்றன. பாதியில் அவரே நிறுத்திவிட்டார். "இல்ல. சரியில்ல" என்றார். பரீத் அந்த மூச்சு விடுவதை எப்படிச் சொல்வான் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. சொல்லத்தான் யாருக்கும் வரவில்லை. அன்றோடு கதை நின்றது. கொஞ்ச நாளில் வானமாமலை, உட்கார இடம் கிடைக்கும் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் கல்யாணில் வேறு ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன முகாம்களில் எல்லை தாண்டி வந்த சிந்திக்காரர்கள், குடும்பம் குடும்பமாக. காலை வண்டியில் அவர்களும் ஏற ஆரம்பித்தார்கள், அப்பளமும் மிட்டாயும் பென்சிலும் விற்க. ஒரு நாள் வயதான ஒருவர், மடிப்புக் கலையாத கோட்டு, கையில் மிட்டாய்த் தட்டு, என் எதிரில் வந்து நின்றார். கைக்குட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "கோயி ஆத்தா ஹை?" என்று கேட்டார். யாராவது வருகிறார்களா?

வழக்கமான மூன்று வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தட்டைக் கை மாற்றிப் பிடித்தார். எங்கிருந்து வருகிறார் என்று கேட்கத் தோன்றியது. இருந்த வார்த்தைகளோடு கையையும் ஆட்டிக் கேட்டேன். அவருக்கு அது எப்படியோ புரிந்தது.

"கராச்சி" என்றார்.

நான் கைக்குட்டையை எடுத்தேன். மூன்று வார்த்தையோடு நாலாவதும் ஐந்தாவதும் அன்றைக்குத்தான் சேர்ந்தன. "ஆத்மி நஹி ஆத்தா ஹை" என்றேன். "பைட்டோ." உட்காருங்கள்.

மாதுங்காவில் அனந்தகிருஷ்ணன் ஏறினான். எதிர் ஜன்னலில் மிட்டாய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தான்.

"கராச்சிக்காரர்" என்றேன்.

பரேல் புகைபோக்கிகள் போயின. பைகுல்லா தாண்டினபிறகு, அவனுடைய ஆபீஸ் ஹிந்தியில் பெரியவரைக் கேட்டான். உங்கள் ஊரில் மலை உண்டா?

பெரியவர் யோசித்தார். அங்கே ஏது மலை என்று கையைப் பரப்பிக் காட்டினார். ஊர் முழுக்கச் சமதரை. சாயங்காலம் கடல் காற்று வரும். நன்றாக வரும். அதைச் சொன்னபோது அவர் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார்.

மஸ்ஜித் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள்.

"சமதரையாம்டா" என்றான் அனந்தகிருஷ்ணன் என்னிடம். "அப்போ உருள மாட்டான்."

நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன். எனக்கு ஜலதோஷம். கல்யாண் காற்று ஒத்துக்கொள்வதில்லை.